சிஸ்டர்மாருக்கும் சுவாமிமாருக்கும் விமான ரிக்கெற் போட்ட கதைகள் (நால்வர் புனைபெயரில் எழுதியவை)

இரணைமடு:

என் அக்கா கன்னியர் மடத்தில் இருக்கிறார். இந்த முறை சபை அவரைக் கமரூனுக்கு மாற்றியது. பள்ளிக்கூடம் நடத்துவது, நோயாளி பார்ப்பது எல்லாம் மடத்தில் செய்வார்கள். ரிக்கெற் போடுகிற வேலை மட்டும் எப்படியோ வீட்டுக்காரர் தலையில் வந்து விழும். மடத்துத் தலைவி மதர் போன் எடுத்து, "தம்பி, நீங்கள் கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளை, பாத்துச் செய்யுங்கோ" என்றார். சரி என்று இறங்கினேன்.

கிளிநொச்சியில் ஒரு ஏஜென்சியில் கேட்டேன். "அண்ணை, இதைவிட மலிவாக் கிடைக்காது" என்று ஒரு வழியைக் காட்டினார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து பாரிஸ், அங்கே பல மணி நேரம் காத்திருந்து வேறு கொம்பனி விமானத்தில் கமரூனின் டுவாலா. இரண்டும் தனித்தனி ரிக்கெற். விலையைப் பார்த்தால் உடனே காசைக் கட்டத்தான் மனம் வரும்.

நல்லகாலம், ஆபிரிக்காவில் நெடுங்காலம் பணிசெய்துவிட்டு வந்த சுவாமி (குருவானவர்) ஒருவர் பக்கத்துக் கோவில் பங்கில் இருக்கிறார். அவரிடம் பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாரிஸ் என்ற இடத்தில் விரலை வைத்தார். "இதில சிஸ்டரை ஏத்தவே மாட்டாங்கள்."

விஷயம் இதுதான். இலங்கைப் பாஸ்போர்ட்காரர் பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாட்டு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே தனியாக ஒரு விசா எடுக்கவேண்டும். வெளியே வராமல் உள்ளேயே கதிரையில் இருந்தாலும் வேண்டும். ஷெங்கன், அமெரிக்க, கனடா, ஜப்பான் விசா ஏதாவது செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு. கமரூன் விசாவோடு போகிற அக்காவுக்கு அது இல்லை. போதாக்குறைக்கு, தனித்தனி ரிக்கெற் என்றால் பெட்டியும் பாரிஸோடு நின்றுவிடும். குடிவரவு தாண்டி வெளியே போய் எடுத்து, திரும்பப் போடவேண்டும். அதற்கு முழு விசாவே வேண்டும். நாளாந்தம் ரிக்கெற் விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கடைசியில் இஸ்தான்புல் வழியாக ஒரே ரிக்கெற்றாகப் போட்டோம். கட்டுநாயக்காவில் போட்ட பெட்டியைக் கமரூனில் எடுத்தார். விலை கூடத்தான். ஆனால் சுவாமி சொன்னபடி, சபைக் கடிதத்தைக் காட்டி மிஷன் கட்டணம் இருக்கிறதா என்று கொழும்பில் வேறொரு ஏஜென்சியில் விசாரித்தோம். இருந்தது. சில விமானக் கொம்பனிகள் திருச்சபைப் பணிக்குப் போகிறவர்களுக்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. எல்லா ஏஜென்சியிலும் கிடைக்காது, நாமாகக் கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார்கள். ஒரு பெட்டி கூடுதலாகக் கொண்டுபோகலாம், திகதி மாற்றினாலும் பெரிதாக அறவிடமாட்டார்கள். சபைக்காரருக்கு அந்தத் திகதி மாற்றம்தான் பெரிய விஷயம். மேலிடத்தில் ஒரு கூட்டம் தள்ளிப்போனால் பயணமும் தள்ளிப்போகும்.

ஊசியையும் மறக்கவேண்டாம். கமரூனுக்குள் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கட்டாயம். போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அந்த அட்டை செல்லும். ஊர் ஆஸ்பத்திரியில் கிடைக்காது, கொழும்புக்குத்தான் போகவேண்டும். ஆகவே ஊசித் திகதியை முடிவுசெய்துவிட்டு ரிக்கெற் திகதியைப் பாருங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். லீவில் இலங்கைக்குத் திரும்பி வரும்போதும் அதைக் கேட்பார்கள், அட்டையைப் பாஸ்போர்ட்டோடேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கனகராயன்:

பெயர் விஷயத்தை நான் சொல்கிறேன். எங்கள் சித்தியை ஊரில் எல்லோருக்கும் மடத்துப் பெயரில்தான் தெரியும். பாஸ்போர்ட்டில் இருப்பது பிறந்த பெயரும் அம்மப்பாவின் பெயரும். இத்தாலியிலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தில் மடத்துப் பெயர். ஏஜென்சிப் பெடியன் கடிதத்தைப் பார்த்தே ரிக்கெற்றை அடித்துவிட்டான். ஓர் எழுத்துப் பிழை என்றால் விமானக் கொம்பனி திருத்தித் தரும். முழுப் பெயரும் வேறு என்றால் அது வேறு ஆள்தான், பழையதை ரத்துச்செய்து புதிதாக எடுக்கச் சொல்வார்கள். அன்றைக்கே பிடித்ததால் காசு தப்பியது.

பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். போனில் வாயால் எழுத்துக்கூட்டிச் சொல்லாதீர்கள். கடிதத்தில் இரண்டு பெயரும் இருக்கும்படி சபையிடம் கேட்டு வாங்கினால் விசாவுக்கும் நல்லது. யுத்தத்தில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். அப்படியானவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கிற வேலையை முதலே தொடங்கவேண்டும், ரிக்கெற் எல்லாம் அதற்குப் பிறகு.

மடு றோட்:

அண்ணா குருவானவர். ஜேர்மனியில் இருக்கிற நம் தமிழ்ச் சனத்தின் ஆன்மீகப் பணிக்குப் போனார். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவை முடித்துக்கொண்டுதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆசை நியாயம்தான், ஆனால் விலை நெருப்பு! ஓகஸ்ட் கடைசியில் கட்டுநாயக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற விமானங்களில் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளி விடுமுறைக்கு நல்லூருக்கும் மடுவுக்கும் வந்த வெளிநாட்டுச் சனம் முழுக்கத் திரும்புகிற நேரம் அது. செப்டெம்பர் நடுப்பகுதிக்குத் தள்ளியதும் விலை இறங்கியது. ஜேர்மனிப் பங்கில் கேட்டதற்கு, அவர்களும் ஓம் என்றுவிட்டார்கள்.

விசா கையில் வரும்வரை காசு கட்டவும் இல்லை. விசா விண்ணப்பத்தோடு கேட்பது முன்பதிவுத் தாள்தான்.

போய்வர ரிக்கெற் எடுப்பதா, ஒருவழி எடுப்பதா என்று வீட்டில் ஒரு பெரிய பட்டிமன்றமே நடந்தது. வருகிற பாதி சாதாரணமாக ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று போகிறவருக்கு அது வெறும் கடதாசி. ஆனாலும் சில நேரம் போய்வர ரிக்கெற் ஒருவழியைவிட மலிவாக இருக்கும், இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

மாங்குளம்:

நாங்கள் குடும்பமாகச் சபை ஊழியத்துக்குப் போனவர்கள், ஆகவே பெட்டியைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். ஆளுக்கு 23 கிலோப் பெட்டி. மாமி ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி என்று பிள்ளைகளின் உடுப்புக்கு இடமில்லாமல் அடுக்கிவிட்டார். குளியலறைத் தராசில் நிறுத்ததை நம்பவில்லை. பக்கத்து வீட்டில் நெல்லு மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினோம். பெட்டி நிமிர்ந்து நிற்காமல் சரிய, மாமா ஒரு கையால் பிடித்துக்கொண்டே "சரியா இருக்கு" என்றார். கையை எடுத்தால் 27. பனங்கட்டிதான் முதலில் இறங்கியது, மாமி அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் எதுவும் ஏறாது. சுவாமிமார் கவனிக்கவேண்டியது: திருப்பலி இரசம் (வைன்), எண்ணெய்ச் சிமிழ் எல்லாம் பெரிய பெட்டிக்குள். இரசக்கிண்ணத்தைக் கையில் கொண்டுபோகலாம், ஆனால் ஸ்கானரில் திறந்து காட்டச் சொல்வார்கள். துணியில் தைத்துக் கட்டிவிடாதீர்கள்.

இரணைமடு:

கட்டுநாயக்காவுக்கு எந்த வழியால் போனீர்கள் என்று உள்பெட்டியில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். வான் வண்டியில்தான். வவுனியா தாண்டி அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு. கொழும்பு நெரிசலுக்குள் போகத் தேவையில்லை. புத்தளம் றோட்டில் இரவில் யானை நிற்கும், ஆகவே வெளிச்சத்தோடேயே அந்தத் துண்டைக் கடந்துவிடுங்கள். விடியற்புறம் விமானம் என்றால் நீர்கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் படுத்தெழும்பிப் போகலாம். வானுக்கு எத்தனை பேர் ஏறுவது என்பதை மட்டும் முதல்நாளே முடிவெடுங்கள். எங்கள் வானில் கடைசி நிமிடத்தில் பெரியம்மா குடும்பம் ஏறியதால் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு போனோம்.