ஏற்காட்டு மலைப்பாதையில் வேனை எங்கே நிறுத்தலாம்?

வணக்கம். வரும் ஞாயிறு எங்கள் பறவை பார்க்கும் குழு சேலத்திலிருந்து ஏற்காடு போகிறது. அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டு, குப்பனூர் பாதையில் இறங்க எண்ணம். கூட வயதானவர்களும் வருகிறார்கள்.

முக்கியமாகத் தேடுவது மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவையை. காப்பித் தோட்டத்தைவிடப் பாறையும் புதருமான சரிவில்தான் அது இருக்கும். செம்மீசைச் சின்னானுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை, அதுவே கூப்பிடும்!

அந்த மாதிரிச் சரிவுகளில், பேருந்துக்கு இடைஞ்சல் இல்லாமல் வேனை ஓரங்கட்ட இடம் எங்கே உண்டு? குப்பனூர் பாதை வேனுக்குத் தோதா? அந்தப் பக்கம் காலையில் டீக்கடை திறந்திருக்குமா? அப்புறம், போனில் பறவைச் சத்தம் போட்டு வரவழைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். அடிக்கடி போகிறவர்கள் சொல்லுங்கள்.