ஸ்பினல் என்று வாங்கிய கல்லில் விளிம்புகள் இரட்டையாகத் தெரிகின்றன. டாஃபைட்டாக இருக்குமா?

ஊதாப்பித்து: வணக்கம் நண்பர்களே. பழைய பொட்டலம் ஒன்றில் "ஸ்பினல்" என்று ரத்தினத்தின் பெயர் எழுதிய ரோஸ் கலந்த ஊதாக் கல் கிடைத்தது, 6.36 காரட். பத்து மடங்கு லென்ஸில் மேலிருந்து பார்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. 1945இல் டப்ளினில் ரிச்சர்ட் டாஃப் என்பவர், ஸ்பினல் என்று நினைத்த கல்லில் இதைத்தானே கவனித்தார்? அது டாஃபைட் என்ற புதுக் கனிமமாகவே ஆகிவிட்டது. எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

லென்ஸ்காரன்: முதலில் தூங்குங்கள். ஸ்பினல் இல்லை என்பது சரிதான், அது ஒளியை இரண்டாகப் பிரிக்காது. ஆனால் டாஃபைட் பிரிப்பதோ மிகக் கொஞ்சம், பிரிந்த இரண்டு கதிர்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே வித்தியாசம் 0.004 அல்லது 0.005தான். டாஃப் அதை நுண்ணோக்கியில்தான் பிடித்தார். உங்களுக்குக் கைலென்ஸிலேயே பளிச்சென்று தெரிகிறதென்றால், நீங்கள் சந்தோஷப்பட்ட அடையாளமே டாஃபைட்டுக்கு எதிரான சாட்சி. டூர்மலின் (சுமார் 0.018), குன்சைட் (சுமார் 0.015) என்ற இரண்டு ரத்தினங்களையும் சந்தேகப்படுங்கள். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் நிறம் மாறுகிறதா?

ஊதாப்பித்து: மாறுகிறது! மேலிருந்து பார்த்தால் ஊதா, பக்கவாட்டில் ஏறக்குறைய வெள்ளை.

தராசு: ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்று பார்த்துவிடுங்கள், செலவில்லாத வேலை. காரட் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் கல்லின் எடையை வகுத்தால் விடை. தண்ணீரில் ஒரு துளி பாத்திர சோப்பு விடுங்கள், இல்லாவிட்டால் கல்லில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். டாஃபைட் 3.61 அளவில் வரும், ஸ்பினலும் 3.60தான். அதனால்தான் இரண்டும் இவ்வளவு காலம் கலந்து கிடந்தன. டூர்மலின் 3.06, குன்சைட் 3.18.

அப்புறம், யாராவது கீறிப் பார்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். பட்டை தீட்டிய கல்லில் கீறல் சோதனை செய்வது பாவம்.

ஊதாப்பித்து: மூன்று முறை எடுத்தேன்: 2.00, 2.01, 2.00. அப்படியானால் 3.18. மனசு கொஞ்சம் உடைந்துதான் போயிற்று. ஒளிவிலகல்மானி வைத்திருக்கும் நண்பரிடமும் காட்டினேன். இரண்டு கதிர்களின் ஒளிவிலகல் எண்களை 1.660, 1.676 என்று படித்தார்.

லென்ஸ்காரன்: குன்சைட், சந்தேகமே வேண்டாம். டூர்மலினாக இருந்தால் 1.62, 1.64 பக்கம் நின்றிருக்கும். வருத்தப்படாதீர்கள், பட்டை தீட்டியவர் கெட்டிக்காரர். குன்சைட்டில் ஒரு திசையில்தான் நிறம் அடர்த்தியாக இருக்கும், அந்தத் திசையை மேலே வைத்திருக்கிறார். இரண்டு திசைகளில் எளிதில் பிளக்கும் கல் என்பதால் கீழே போடாதீர்கள், ஒலியதிர்வால் நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் இறக்காதீர்கள்.

ஊதாப்பித்து: ஒரு கேள்வி. வாங்கிய நாளிலிருந்து ஜன்னல் ஓரம் வெயிலில்தான் வைத்திருந்தேன், மின்னுவது அழகாக இருந்தது. முதலில் இன்னும் அடர்த்தியாக இருந்த மாதிரி தோன்றியதே, பிரமையா?

தராசு: பிரமை இல்லை. வெயிலில் குன்சைட் வெளுக்கும், போன நிறம் தானாகத் திரும்பாது. எழுந்து போய் இப்போதே எடுத்து, மூடிய பெட்டியில் வையுங்கள். பதில் அப்புறம் எழுதலாம்.

ஊதாப்பித்து: எடுத்துவிட்டேன். பொட்டலத்தில் "ஸ்பினல்" என்பதையும் அடித்துவிட்டேன்.