குவாண்டம் பாதுகாப்பு: பணம் ஃபைபருக்கா, கணிதத்துக்கா?

காவிரிக்கரை:
தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ரூ.6,003.65 கோடிக்கு ஒப்புதல் தந்தது. நகரங்களுக்கிடையே 2,000 கி.மீ. தூரத்துக்கு ஃபைபரில் செல்லும் ஒளித்துகள் வழியே, தகவலைப் பூட்டித் திறக்கும் ரகசியச் சாவியைப் பகிர்வது, அதாவது கியூகேடி (QKD), அதன் இலக்குகளில் ஒன்று. ஆராய்ச்சியாகச் செய்யட்டும். ஆனால் நாட்டின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது என்று பேசுவதை ஏற்க முடியவில்லை. வங்கி, அரசு இணையதளம், மருத்துவமனை எல்லாம் ஆர்எஸ்ஏ (RSA) போன்ற பழைய மறையாக்க முறைகளை, அதாவது தகவலைப் பூட்டி அனுப்பும் கணித முறைகளை, நம்பி ஓடுகின்றன. அந்தப் பூட்டிய தகவலை இன்று ஒட்டுக்கேட்டுச் சேமித்து வைப்பவர், அதை உடைக்கும் அளவுக்குப் பெரிய குவாண்டம் கணினி வந்ததும் திறந்து படிக்கலாம். ஒருவரின் மருத்துவப் பதிவு அதற்குள் பழசாகிவிடாது. குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதபடி வடிவமைத்த புதிய கணித முறைகளுக்கு மாறுவதுதான் முதல் வேலை.

ஒளியிழை:
கணிதத்தை அவ்வளவு நம்பலாமா? சைக் (SIKE) என்ற புதிய கணித முறை, அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் நடத்திய தேர்வில் நான்காம் சுற்று வரை வந்தது. 2022-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் சாதாரணக் கணினியில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதை உடைத்தார்கள். ஒளித்துகளை நடுவில் யாராவது அளந்தால் தடம் தெரிந்துவிடும். அது இயற்கை விதி. தவிர, இவ்வளவு அவசரம் எதற்கு? கூகுளின் குவாண்டம் கணினிச் சில்லான வில்லோவில் இருப்பது 105 க்யூபிட்தான் (க்யூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு).

காவிரிக்கரை:
105 சரி, ஆனால் தேவைப்படும் எண்ணிக்கையும் இறங்குகிறதே. 2048 பிட் நீளச் சாவி கொண்ட ஆர்எஸ்ஏ-2048-ஐ உடைக்க 2 கோடி க்யூபிட் வேண்டும் என்று 2019-ல் ஆய்வாளர்கள் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எகெராவும் கணக்கிட்டார்கள். 2025 மே மாதம் கிட்னியே அதை 10 லட்சத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்.

சைக் உடைந்தது நல்லதுதான். எல்லோரும் உடைத்துப் பார்க்கட்டும் என்று பொதுவில் வைத்ததால், தரநிலை ஆகும் முன்பே அது விழுந்தது. கியூகேடியில் விதி பிசகாது, கருவி பிசகும். விற்பனையில் இருந்த கருவிகளில் ஒளித்துகளை உணரும் டிடெக்டரைப் பிரகாசமான ஒளியால் குருடாக்கி, தடமே இல்லாமல் சாவியை எடுக்கலாம் என்று 2010-லேயே காட்டினார்கள். அப்புறம், ஃபைபரில் ஒளி தேய்வதால் வழியில் இடைநிலையங்கள் வேண்டும். அங்கே சாவி வெளிப்பட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. அந்த அறைக்கு யார் காவல்? மறுமுனையில் இருப்பவர் யார் என்பதையும் கியூகேடி தானாகச் சொல்லாது. அதற்குக் கணித முறையில் இடும் டிஜிட்டல் கையெழுத்தோ, முன்பே பகிர்ந்த சாவியோ வேண்டும்.

நெட்வொர்க் மணி:
புதிய கணித முறைக்கு மாறும்போது, இணைய வழியில் நடுவில் இருக்கும் ஃபயர்வால் போன்ற பெட்டிகளையும் கொஞ்சம் பாருங்கள். பழைய முறையான எக்ஸ்25519-ன் சாவி 32 பைட். குவாண்டம் கணினியைத் தாங்கும் புதிய முறையான எம்எல்-கெம்-768-ன் சாவி 1,184 பைட். அதனால் பிரவுசர் அனுப்பும் முதல் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகிறது. 2024-ல் டெஸ்க்டாப் குரோமில் இந்த வகைச் சாவி இயல்பாகவே வந்தபோது, இரண்டாவது பாக்கெட்டை எதிர்பார்க்காத சில பழைய சர்வர்களும் ஃபயர்வால்களும் இணைப்பையே துண்டித்தன. கணிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பக்கம் திறக்கவில்லை.

ஒளியிழை:
இடைநிலையம் பற்றிச் சொன்னது நியாயம். செயற்கைக்கோள் வழியும் திட்டத்தில் இருப்பது அதனால்தான். ஆனாலும் கணிதம் ஒன்றை மட்டும் நம்பி நாட்டின் மிக முக்கியமான தடங்களை விட மாட்டேன். அங்கே இரண்டும் சேர்ந்து ஓடட்டும்.

காவிரிக்கரை:
சேர்ந்து ஓடட்டும், ஆட்சேபம் இல்லை. மணி சொன்ன பெட்டிகளை மாற்ற யார் பணம் ஒதுக்குவது? 2035-க்குப் பிறகு ஆர்எஸ்ஏ கூடாது என்றது 2024-ல் நிஸ்ட் வெளியிட்ட வரைவு. இன்று ஓர் அரசு அலுவலகம் வாங்கும் கருவி அன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம். மறையாக்க முறையை சாஃப்ட்வேர் அப்டேட்டிலேயே மாற்ற முடிய வேண்டும் என்று டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்க்கட்டும். அதற்கு எந்த ஆய்வகமும் தேவையில்லை, இந்த வருடமே சேர்க்கலாம்.