ஒரு பக்கம் இழுக்காத பழைய ஸ்கிட் ஸ்டீர்: பம்ப்பில் கை வைக்கும் முன்

முதல் பதிவு

செயின் டிரைவ் ஸ்கிட் ஸ்டீர், அதாவது இரண்டு பக்கச் சக்கரங்களையும் தனித்தனி ஹைட்ராலிக் மோட்டாரால் ஓட்டும் சின்ன லோடர். ஹவர் மீட்டர் 6,000 தாண்டியது. காலையில் இரண்டு பக்கமும் ஒழுங்காக இழுக்கும். ஆயில் சூடேறியதும் இடது பக்கம் தளர்ந்துவிடும். மண் குவியலில் பக்கெட்டைக் குத்தினால் வலது சக்கரங்கள் மட்டும் சுழன்று, வண்டி இடது பக்கம் திரும்பிக்கொள்ளும். பார்த்தவர்கள் எல்லோரும் பம்ப் போச்சு என்றார்கள். எனக்கு உறுத்தியது வேறு. ஹைட்ராலிக் டேங்கில் வாரத்துக்கு மூன்று லிட்டர் குறைகிறது, வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சக்கரங்களை ஓட்டும் செயின்கள் ஆயிலில் ஓடும் பெட்டியான செயின் கேஸின் லெவல் பிளக்கைத் திருகினேன். கடைசி மரை விடுமுன்பே ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்தது. துளையின் விளிம்பில் நிற்க வேண்டிய ஆயில் மூடிவரை ஏறியிருக்கிறது. விரலில் தொட்டால் கெட்டியான என்ஜின் ஆயிலாக இல்லை, ஹைட்ராலிக் ஆயில் கலந்து நீர்த்துப்போயிருந்தது. டிரைவ் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் வழியாக உள்ளுக்குள்ளேயே ஒழுகியிருக்கிறது.

சீலை மட்டும் மாற்றினால் போதுமா? அல்லது மோட்டாரே தேய்ந்து, அதன் கூட்டுக்குள் (கேஸ்) பிரஷர் ஏறி சீலைத் தள்ளியிருக்குமா?

பதில் 1

சீல் ஒழுகுவதால் மட்டும் இழுவை குறையாது. இரண்டும் சேர்ந்து வந்திருப்பதால் மோட்டார் மேல்தான் சந்தேகம். குளிர்ந்த ஆயில் கெட்டி, தேய்ந்த இடைவெளியில் அவ்வளவாகக் கசியாது. சூடேறி இளகியதும் கசிவெல்லாம் மோட்டாரின் கேஸுக்குள் இறங்கும். காலையில் நன்றாக ஓடுவதற்கு அதுதான் காரணம்.

பம்ப்பா மோட்டாரா என்று பிரிக்க, பம்ப்பிலிருந்து மோட்டாருக்குப் போகும் பெரிய ஹோஸ்களை இடதும் வலதும் மாற்றிப் போடுங்கள். கோளாறு வலது பக்கம் போனால் பம்ப். இடது பக்கமே நின்றால் மோட்டார், அல்லது அதற்குப் பின்னால் இருக்கும் பிரேக், செயின், ஆக்ஸில் பேரிங். முதலில் நான்கு சக்கரமும் தரை தொடாதபடி ஸ்டாண்டில் ஏற்றி, ஐட்லிங்கில் வைத்துத் திசை சரியா என்று பாருங்கள். இடது லீவர் வலது சக்கரங்களை ஓட்டும் என்பதை லீவரில் உட்காருபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பதில் 2

மேலே சொன்ன ஹோஸ் மாற்றும் சோதனையை எடுத்தவுடன் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அப்படிச் செய்து நல்ல மோட்டாரும் சேர்ந்து போன வண்டி ஒன்றைத் திறந்து பார்த்தேன். பிஸ்டன் ஷூ தேய்ந்த பித்தளைத் தூள், மோட்டார் கேஸின் அடியில் மஞ்சள் மாவு மாதிரி படிந்திருந்தது.

இந்த டிரைவ் மூடிய சுற்று. பம்ப்பிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஆயில் டேங்குக்கோ ஃபில்டருக்கோ போகாமல் நேராகப் பம்ப்புக்கே திரும்பும். கசிந்து குறையும் அளவை மட்டும்தான் சார்ஜ் பம்ப் ஃபில்டர் வழியாக ஈடுகட்டும். அதனால் ஒரு பக்கம் உடைந்த தூள் அந்தச் சுற்றிலேயே சுழன்றுகொண்டிருக்கும். ஹோஸை மாற்றினால் அது அடுத்த பக்கத்துக்கும் போய்விடும்.

முதலில் ஃபில்டரைக் கழற்றி, டப்பாவை வெட்டி, மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். பித்தளை மினுக்கம் இருந்தால் ஹோஸ் மாற்றும் பேச்சே வேண்டாம். இல்லையென்றாலும் முதலில் செய்ய வேண்டியது கேஸ் டிரெயின் அளவு, அதாவது மோட்டாரின் கேஸுக்குள் கசிந்து டேங்குக்குத் திரும்பும் ஆயில் எவ்வளவு என்பது. மோட்டாரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் சின்ன ஹோஸைக் கழற்றி, டேங்க் பக்கத்தை அடைத்து, மோட்டார் பக்கம் நீளமான ஹோஸ் போட்டு, அளவு கோடு போட்ட கேனுக்குள் விடுங்கள். ஆயில் சூடாக இருக்க வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆர்.பி.எம். சக்கரத்தைத் தூக்கி வைத்து எடுத்தால் பிரஷர் ஏறாது, இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் காட்டும். மண் மேட்டில் பக்கெட்டை முட்டி நிறுத்தி, லோடு கொடுத்துப் பத்துப் பத்து விநாடியாக எடுங்கள். கேன் அருகில் ஆள் நிற்கக் கூடாது. கம்பெனி அளவு கையில் இல்லாவிட்டால் இடதையும் வலதையும் ஒப்பிட்டாலே பதில் கிடைத்துவிடும்.

மோட்டாரையோ பம்ப்பையோ மாற்றினால் அந்தப் பக்கத்து ஹோஸ்களையும் குழாய்களையும் கழற்றிக் கழுவாமல் புதியதை மாட்டாதீர்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கேஸுக்குள் சுத்தமான ஆயிலை ஊற்றி நிரப்புங்கள். உலர்ந்த கேஸோடு ஓடினால் பேரிங்கும் ஷூவும் முதல் நிமிடத்திலேயே கீறிக்கொள்ளும்.

பதில் 3

இரண்டு பக்கமும் சேர்ந்து தளர்ந்தால் கதை வேறு. அப்படி ஒரு வண்டியில் சார்ஜ் பிரஷர் கேஜ் மாட்டினால் ஐட்லிங்கில் சரியாக நிற்கிறது, ரெயிஸ் கொடுத்தால் கீழே விழுகிறது. ஃபில்டர் புதுசு. டேங்கிலிருந்து வரும் சக்‌ஷன் ஹோஸ் வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தது. நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோது உள் ரப்பர் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ரெயிஸ் கொடுக்கும்போது அந்த நாக்கு உறிஞ்சப்பட்டு வழியை அடைத்திருக்கிறது.

டேங்க் ஆயில் பால் மாதிரி இருந்தால் கண்ணாடி டம்ளரில் எடுத்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் காற்று, சக்‌ஷன் கிளாம்ப்பைப் பாருங்கள். தெளியாமல் நின்றால் தண்ணீர்.

பதில் 4

பூமை (பக்கெட்டைத் தாங்கும் கை) தூக்கி நிறுத்தினால் பத்து நிமிடத்தில் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும் வண்டி ஒன்று. சிலிண்டர் சீலை மாற்றியதும் பாதி சரியானது.

மோட்டாரைக் கழற்றப் போகிறவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேபினைத் தூக்க பூமை உயர்த்த வேண்டிய மாடல் என்றால், வண்டியோடு வந்த பூம் லாக்கை சிலிண்டர் ராடின் மேல் பொருத்தி, பின் போட்ட பிறகுதான் அடியில் தலையை நீட்ட வேண்டும். மரக்கட்டை, ஜாக்கி எதுவும் லாக் ஆகாது. ஒரு ஹோஸ் வெடித்தால் பூம் நொடியில் கீழே வரும். கேபினைத் தூக்கியதும் அதன் லாட்ச் விழுந்துவிட்டதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். ஒழுகலைத் தேடும்போது ஹோஸ் மேல் விரலை ஓட்டாதீர்கள், அட்டையைக் காட்டுங்கள். ஊசித் துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்துவிடும். காயம் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகும். சீட் பாரின் (ஓட்டுபவர் மடிமேல் இறக்கும் பாதுகாப்புக் கம்பி) சுவிட்சை யாராவது வயர் போட்டு பைபாஸ் செய்திருந்தால், வண்டி பிரிந்து கிடக்கும் இப்போதே அதைச் சரிசெய்துவிடுங்கள். அடித்தட்டைக் கழற்றி எண்ணெய் மண்ணையும் காய்ந்த இலைகளையும் வழித்தெடுங்கள். இந்த வண்டிகள் தீப்பிடிப்பது அங்கிருந்துதான்.

பதில் 5

லாக் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. சிலிண்டர் சீல் பற்றி மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. பூம் சிலிண்டரில் ராடு உள்ளே இறங்க வேண்டுமென்றால், அந்த ராடின் கன அளவுக்கு ஆயில் வெளியேறியாக வேண்டும். வால்வு இரண்டு போர்ட்டையும் இறுக்கமாக அடைத்திருந்தால், பிஸ்டன் சீல் கிழிந்திருந்தாலும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. பிரஷர்தான் ஏறும், பூம் இறங்காது. இறங்குகிறது என்றால் வால்வுக்குள் நகரும் தண்டான ஸ்பூலும் கசிகிறது. பாதி சரியானதற்குக் காரணம் அதுதான், மீதிப் பாதி வால்வில் இருக்கிறது. பக்கெட் சிலிண்டரில் லோடு ராடை வெளியே இழுக்கும், அங்கே சீல் போனாலே பக்கெட் தொங்கிவிடும்.

முதல் பதிவு எழுதியவர்

ஃபில்டர் மடிப்பில் பித்தளை இல்லை. கேஸ் டிரெயின் எடுத்தேன்: பத்து விநாடியில் வலது பக்கம் கால் லிட்டருக்கும் கீழே, இடது பக்கம் முக்கால் லிட்டர். மோட்டாரை இறக்கியாயிற்று. ஷாஃப்ட்டில் சீல் உதடு உட்காரும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். ஷாஃப்ட்டுக்குத் தேய்மான ஸ்லீவ், புது சீல், உள்ளே பாகங்கள் முழு செட்டும் புதுசு. செயின் கேஸ் ஆயிலை வடித்துக் கழுவி, காந்தம் விட்டுத் துழாவியதில் ஒரு செயின் பின்னின் முனை கிடைத்தது. அது எந்த லிங்க்கிலிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.