எக்செல்லில் மவுஸைத் தொட்டால் நேரம் வீணா?

கணக்குப்பிள்ளை:
எக்செல் தெரிந்தவன் மவுஸைத் தொடமாட்டான் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சி2-வில் ஃபார்முலா போட்டாச்சு, கீழே 4000 வரிசை இருக்கிறது. செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள குட்டிச் சதுரத்தில் ஒரு டபுள் கிளிக் போதும், பக்கத்து டேட்டா முடியும் இடம்வரை இறங்கிவிடும். கீபோர்டில் இதற்கு எத்தனை தட்டு தட்டுவீர்கள்?

விசைப்பிரியன்:
இடப்பக்க அம்பு, கன்ட்ரோலோடு கீழ் அம்பு, வலப்பக்க அம்பு, கன்ட்ரோல் ஷிஃப்டோடு மேல் அம்பு, கடைசியில் ஃபில் டவுன் (மேல் செல்லில் உள்ளதைக் கீழே நிரப்பும் கன்ட்ரோல் டி). படிக்கத்தான் நீளம், பழகிய கைக்குக் கண நேரம். உங்கள் டபுள் கிளிக்கில் வேறு சிக்கல். நடுவில் ஒரு வரிசை முழுக்கக் காலியாக இருந்தால் அதோடு நின்றுவிடும். திரையோ மேலேயே நிற்கும். பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கணக்குப்பிள்ளை:
காலி செல் வந்தால் உங்கள் கன்ட்ரோல் அம்பும் அங்கேதானே நிற்கும்?

விசைப்பிரியன்:
நிற்கும். ஆனால் எந்த வரிசையில் நின்றது என்று கண்ணெதிரே தெரியும். வித்தியாசமே அதுதான்.

ஆடிட்_ராணி:
இரண்டு பேரும் ரைட் கிளிக்கை மறந்துவிட்டீர்கள். ஃபார்முலாவை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வைக்க வேண்டுமா? செல்களைத் தேர்ந்தெடுத்து, ஓரத்தில் நான்குமுனை அம்பு வரும்போது மவுஸின் வலது பட்டனை அழுத்திக்கொள்ளுங்கள். பக்கத்து நெடுவரிசைக்கு இழுத்து, விடாமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுங்கள். வரும் மெனுவில் ‘காப்பி ஹியர் ஆஸ் வேல்யூஸ் ஒன்லி’. தேதி செல்லின் மூலைச் சதுரத்தை அதே வலது பட்டனால் கீழே இழுத்தால் ‘ஃபில் வீக்டேஸ்’ வரும், சனி ஞாயிறு விட்டுப் போகும். (சனிக்கிழமையும் வேலை பார்க்கும் நமக்கு அதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள்.)

விசைப்பிரியன்:
மைக்ரோசாஃப்ட் 365-ல் காப்பி செய்து கன்ட்ரோல் ஷிஃப்ட் வி அழுத்தினால் வேல்யூ மட்டும்தான் ஒட்டும். இழுத்து விளையாடத் தேவையே இல்லை.

ஆடிட்_ராணி:
எங்கள் ஆபீஸில் இருப்பது 2013 சார்.

விசைப்பிரியன்:
சரி, அதற்கும் கன்ட்ரோல் ஆல்ட் வி, பிறகு வி, என்டர். எனக்கு அந்த ஓரத்தைக் கண்டாலே பயம். செல்லுக்குள் எழுத நினைத்து டபுள் கிளிக் செய்யும்போது கை கொஞ்சம் நகர்ந்து ஓரத்தில் பட்டால், டேட்டாவின் கடைசிக்குத் தூக்கிப் போட்டுவிடும். கீழே ஒன்றுமே இல்லாவிட்டால் 1048576-வது வரிசைதான்.

கணக்குப்பிள்ளை:
அதுவும் ஷார்ட்கட்தானே! கடைசிக்குப் போக வேண்டியபோது நான் வேண்டுமென்றே ஓரத்தில் தட்டுவேன். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு தட்டினால் அதுவரை தேர்வும் ஆகிவிடும். பிடிக்காதவர்கள் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் நிறுத்திவிடலாம். ஆனால் மூலைச் சதுரமும் கூடவே போய்விடும், இரண்டுக்கும் ஒரே டிக்தான். அப்புறம் ஒரு செல்லின் தோற்றத்தை இன்னொன்றுக்குப் பூசும் ஃபார்மேட் பெயின்டர் பிரஷ்ஷை டபுள் கிளிக் செய்தால் எஸ்கேப் அழுத்தும்வரை கையோடு இருக்கும். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

விசைப்பிரியன்:
எஃப்4. கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திரும்பச் செய்யும்.

கணக்குப்பிள்ளை:
கடைசியாகச் செய்த ஒன்றை மட்டும். நிறம், பார்டர், எண் வடிவம் மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோக பிரஷ்தான்.

புதுவரவு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். டேட்டாவை டேபிளாக மாற்றிவிட்டால் ஃபார்முலா தானாகவே கடைசிவரை நிரம்பிவிடுகிறதே, அப்புறம் எதற்கு இந்தச் சண்டை?

ஆடிட்_ராணி:
டேபிளுக்குள் மெர்ஜ் செல் (பல செல்களை ஒன்றாக இணைத்தது) வைக்க முடியாது தம்பி. எங்களுக்கு வரும் ஃபைல்களில் மெர்ஜ் இல்லாத பக்கம் ஒன்றை முதலில் காட்டுங்கள்.