லேப்டாப்புல வைஃபை கார்டை நீங்களே மாத்தினீங்களா? எப்படிப் போச்சு?

செந்தூல்வாசி:
ஒரு வாரமா உறுத்திக்கிட்டே இருக்கு. பழைய கார்டு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் பிடிக்கும். எங்க ஃபிளாட்டுல எல்லா வீட்டு ரவுட்டரும் அதுலதான் முட்டி மோதுது. வீட்டுல 300 எம்பிபிஎஸ் லைன், லேப்டாப்புல 72க்கு மேல ஏறவே ஏறாது. லோ யாட் கம்ப்யூட்டர் மால்ல இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு வாங்கிட்டு வந்தேன். பின்மூடி, பேட்டரி வயர், ஒரு ஸ்குரூ, பத்து நிமிஷ வேலை. கார்டுல சொருகுற ரெண்டு ஆன்டெனா வயருலதான் மாட்டிக்கிட்டேன், ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு.

அந்த வயர் தலை கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. நேரா வச்சு அழுத்தினா 'டிக்'குன்னு உக்காரும், விரல்லயே தெரியும். வெள்ளை உக்காந்துடுச்சு. கறுப்பு வழுக்கிக்கிட்டே போகுது. மக போன் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. "போதும்ப்பா, கடையில குடுத்துடலாம்"னா. நான் கேக்கல. நகத்தால சாய்ச்சு ஒரு அழுத்து அழுத்தினேன். கண்ணாடி போட்டுப் பாத்தா, விளிம்பு நெளிஞ்சு கிடக்கு. இப்ப ஒத்தை வயர்ல ஓடுது. ஹால்ல நல்ல வேகம், அவ ரூம்ல ஒரு கோடுதான். டியூஷன் அவ ரூம்லதான்.

பினாங்கு மாமா:
உங்களுக்காவது லேப்டாப் ஆன் ஆச்சு. 2020, பி.கே.பி. ஊரடங்கு நேரம். அக்கா மகனுக்குப் பாடமெல்லாம் ஆன்லைன்ல. பழைய லேப்டாப், கார்டை மாத்திட்டு பவரை அழுத்தினா கறுப்புத் திரையில ஒரே ஒரு செய்தி: அனுமதி இல்லாத நெட்வொர்க் கார்டு, கழட்டு. அதுக்கு மேல போகவே இல்லை. பயாஸ்ல, அதான் ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற மென்பொருள்ல, அனுமதிச்ச கார்டுன்னு ஒரு பட்டியலே வச்சிருக்காங்கன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். ராத்திரியே பழையதைத் திருப்பிப் போட்டேன். "பரவால்ல மாமா"ன்னான். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. புதுக் கார்டு மைலோ டின்ல கிடக்கு.

பாயான் லெப்பாஸ் அக்கா:
இன்டெல் தொழிற்சாலை 1972லேயே வந்த ஊருங்கிறதால, இந்த மாதிரி விஷயத்துக்கு எல்லாரும் என் வீட்டுக்கதவைத்தான் தட்டுவாங்க. என் கதை ரெண்டு வரி. இன்டெல் இல்லாம ஏஎம்டி சிப் போட்ட லேப்டாப்புக்கு ஏஎக்ஸ்211 வாங்கினேன், நம்பர் கூடினா நல்லதுன்னு நினைச்சு. லேப்டாப் கார்டைக் கண்டுக்கவே இல்லை.

ஏஎக்ஸ்201, 211 கார்டுல பாதி வேலை அதுக்கு ஏத்த இன்டெல் சிப்புக்குள்ளதான் நடக்குது. அது இல்லாத இடத்துல அந்தக் கார்டு செத்த கார்டு. 200, 210 அப்படி இல்லை, தனியா நிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. லேப்டாப்புல இருக்கறது மினி பிசிஐஇங்கிற பழைய வகைக் கார்டுன்னா வயர் தலையே பெரிசு, புதுக் கார்டுல மாட்டாது. கார்டை ஓட்டுற டிரைவர் மென்பொருளை முதல்லயே பென்டிரைவ்ல இறக்கி வைங்க, மாத்தினப்புறம் நெட் இருக்காது. 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேணும்னா விண்டோஸ் 11 வேணும், அதைப் பேசுற ரவுட்டரும் வேணும். புளூடூத் காணோம்னு பதறாதீங்க, கார்டு ஒண்ணுதான், ஆனா புளூடூத் மட்டும் யூஎஸ்பி வழியா போற தனிப் பாதை. முழுசா அணைச்சு, சார்ஜரைப் பிடுங்கி, திரும்பப் போட்டுப் பாருங்க. கழட்டும்போது வயரைப் பிடிச்சு இழுக்கவே கூடாது, தலைக்குக் கீழ பிளாஸ்டிக் நெம்பியை விட்டு நேரா மேல தூக்கணும்.

பினாங்கு மாமா, பட்டியல் தொல்லை பழைய மாடல்கள்லதான் அதிகம். அதைச் சொல்லி எல்லாரையும் பயமுறுத்தாதீங்க.

பினாங்கு மாமா:
பயமுறுத்தலைம்மா. அந்தப் பிள்ளைகிட்ட இருந்ததே பழைய மாடல்தான். புதுசு வாங்க வழியிருந்தா நான் ஏன் கையை வைக்கப் போறேன்?

கெப்போங் ராஜா:
இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பாடு? வெளியில சொருகுற யூஎஸ்பி வைஃபை டோங்கிள் ஒண்ணு போடுங்க, முடிஞ்சுது.

செந்தூல்வாசி:
ரெண்டே போர்ட்டு ராஜா, ஒண்ணுல மவுஸ், இன்னொண்ணுல அவ எழுதுற பேட். அக்கா, கறுப்பு வயரை மட்டும் மாத்தலாம்னா அது கீல் வழியா ஸ்கிரீனுக்குள்ள போகுது. ஸ்கிரீனைச் சுத்தியிருக்கற முன்பட்டையைக் கழட்டித்தான் ஆகணுமா? மக இப்போதைக்கு ஹால்ல உக்காந்து படிக்கிறா. எட்டுல இருந்து பத்து வரைக்கும் டிவி போடறதில்ல.