ஸ்டாக்கர் 2: லெவலும் இல்லை, பெர்க்கும் இல்லை, இது ஆர்பிஜிதானா?

பாலக்கோட்டான்:
லெவல் ஏற்றி, பெர்க் என்னும் தனித்திறன் வாங்கி ஆளை வளர்க்கும் ஆர்பிஜி விளையாட்டான ஃபால்அவுட் 4-ஐக் கரைத்துக் குடித்தவன் நான், அந்த ஆசையில்தான் ஸ்டாக்கர் 2 விளையாட்டை இறக்கினேன். 150 ஜிபிக்கு மேல், எங்கள் ஊர் நெட்டில் அது இறங்கிய கதை வேண்டாம். செர்னோபில் சுற்றுவட்டாரத்தை அசத்தலாகச் செய்திருக்கிறார்கள், மழை வருவதற்கு முன் புல் சாய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், ஆனால் விளையாட்டு பிடிபடவே இல்லை. எத்தனை பேரைச் சுட்டாலும் எக்ஸ்பி, அதாவது லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி கிடையாது. மிருகத்தைக் கொன்றாலும் தோட்டாதான் செலவு. செத்தவன் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு ஸாலிஸ்ஸியா கிராமம் வரை வந்தால், தேய்ந்து சிவப்பில் இருக்கிறது, வேண்டாம் என்கிறான் வியாபாரி. போகப்போக மாறுமா, கடைசிவரை இப்படித்தானா? ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எனக்கு நேரம், அதனால் கேட்கிறேன்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
மாறாது தம்பி. ஃபால்அவுட் பழக்கத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் பையில் போடுகிறாய், அங்கே டேபிள் ஃபேனுக்கும் வேலை இருந்தது, இங்கே பாரம் ஏறினால் ஓட முடியாமல் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தோட்டாவை உருவிக்கொண்டு துப்பாக்கியை அங்கேயே போடு, மஞ்சளில் இருந்தால் மட்டும் விற்க எடு. மிருகத்தோடு எதற்குச் சண்டை? வீட்டுக்குள் புகுந்துகொள், இல்லை ஓடு. கண்ணுக்குத் தெரியாமல் வரும் ரத்தக்காட்டேரி மட்டும் விடாது, சுவரில் முதுகை ஒட்டி நின்று ஷாட்கன்னை எடு. அப்புறம் அனாமலி, அதாவது மிதித்தால் ஆளைக் கொல்லும் விசித்திர இடம். போல்ட்டை எறிந்து, எங்கே வெடிக்கிறது, எங்கே சும்மா விழுகிறது என்று பார்த்து நடந்து, உள்ளே கிடக்கும் ஆர்ட்டிஃபாக்ட் என்ற அபூர்வப் பொருளை டிடெக்டரில் தேடி எடுத்து வருகிறாய் பார், அந்த நடைதான் இந்த விளையாட்டு. எடுத்ததை இடுப்பில் கட்டினால் அதுவே கதிர்வீச்சு கொடுக்கும், அதற்கும் ஒரு கணக்குப் போட வேண்டும். முதலில் எனக்கும் எரிச்சல்தான். இப்போது வானம் சிவந்து எமிஷன் என்ற கொல்லும் புயல் வரும்போது கூரை தேடி ஓடுவதில் இருக்கும் பதற்றம் வேறு எதிலும் வருவதில்லை.

மாங்கா_மண்டி:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் இதை ஆர்பிஜி என்று சொல்லி ஆள் சேர்க்காதீர்கள். இது ஷூட்டர், சுடும் விளையாட்டு. யார் பக்கம் நிற்கிறோம் என்பதில் கதை பிரிகிறது, முடிவும் ஒன்றுக்கு மேல் உண்டு, அதற்காக ஆர்பிஜி ஆகிவிடுமா? எனக்கு வருத்தம் வேறு. 2007-இல் வந்த முதல் ஸ்டாக்கரில் ஏ-லைஃப் என்று ஒன்று இருந்தது, நாம் இல்லாத இடத்திலும் ஆட்கள் அவர்கள் பாட்டுக்கு நடந்து, சண்டை போட்டு, செத்துக் கிடப்பார்கள். 2024 நவம்பரில் இது வந்தபோது அது கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை, காலி மைதானத்தில் திடீரென்று முதுகுக்குப் பின்னால் நாலு பேர் முளைப்பார்கள். டிசம்பரில் 1.1 பேட்ச் விட்டார்கள், 1800-க்கும் மேல் திருத்தம். தேறியிருக்கிறது, ஆனாலும் பழையதில் இருந்த உயிர் இதில் இல்லை. பழைய லேப்டாப்பிலேயே ஓடும், முதல் பாகத்தை ஆடிப் பார் நண்பா.

பாலக்கோட்டான்:
என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. அது தாங்குமா, அதனால்தான் படம் விக்கி விக்கி ஓடுகிறதா?

அரூர்க்காரி:
அவர்களே சொன்ன குறைந்தபட்சம் அதுதான், 16 ஜிபி ராமும் வேண்டும். பழைய ஹார்டு டிஸ்கில் போட்டிருந்தால் விக்கத்தான் செய்யும், எஸ்எஸ்டிக்கு மாற்று. கிராமத்துக்குள் நுழைந்தால் ஃபிரேம் விழுவதற்கு ப்ராசஸரும் காரணம், கார்டை மட்டும் திட்டாதே.

இன்னொன்று, குரலை உக்ரேனியனுக்கு மாற்றி, எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் வை. ஆங்கிலக் குரலில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள் போலப் பேசுகிறார்கள். செய்தவர்கள் கீவ்காரர்கள், 2022-இல் போர் வந்ததும் பலர் பிராகுக்குப் போய் அங்கிருந்து வேலையைத் தொடர்ந்தார்கள். பழைய பாகத்தில் வேலை பார்த்த வொலோடிமிர் யெசோவ் அதே வருடம் டிசம்பரில் பாக்முத் பக்கம் போரில் இறந்துபோனார். பக் இருக்கிறது என்று நானும் திட்டினேன்தான், இனியும் திட்டுவேன், ஆனால் இது முடிந்து வெளியே வந்ததே எனக்கு ஆச்சரியம்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
தம்பி, யுபிஎஸ் இல்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எஃப்5 அழுத்தி சேவ் பண்ணு. கரண்ட் போனால் ஆட்டோசேவ் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.